உப்புமாவைக் கட்டிப்பிடித்த மாப்பிள்ளை

ஜனவரி 6, திங்கள்

இந்த டைரி ஓர் உரக்கடை கொடுத்தது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் தென்னைக்கு எப்போது பொட்டாஷ் வைக்க வேண்டும் என்று அச்சடித்திருக்கிறார்கள். எங்கள் ஆய்வகத் தலைவர் தங்கராசு சார் ஊட்டியில் ஒரு பயிற்சி முகாமுக்குப் போய்விட்டு, தினமும் கையால் எழுதுகிற விஞ்ஞானிக்கு மூளை மழுங்காது என்ற ஞானத்தோடு திரும்பியிருக்கிறார். ஆளுக்கு ஒரு டைரி கொடுத்தார். திங்கள்தோறும் பக்கம் நிரம்பியிருக்கிறதா என்று தூரத்திலிருந்து பார்ப்பாராம், படிக்க மாட்டாராம். படித்தாலும் எனக்குக் கவலையில்லை. சார், வணக்கம்.

நான் சாரதாமணி. வயது நாற்பத்தாறு. கோயம்புத்தூருக்கு வெளியே, கோழிப்பண்ணை வாசம் அடிக்கிற ஒரு ஆய்வகத்தில் டிஎன்ஏவை மடித்துக்கொண்டிருக்கிறேன். டிஎன்ஏ என்றால் எல்லோரும் முறுக்கிய ஏணியை நினைப்பார்கள். எங்களுடையது குட்டையான ஒற்றை இழை. கொதிக்க வைத்தால் நூலாக விரிந்து கிடக்கும். ஆறும்போது தன்மேலேயே மடிந்து, நாலு நாலு எழுத்தாகச் சேர்ந்து அடுக்குக் கட்டி, நடுவில் பொட்டாசியத்தை உட்காரவைத்துக்கொண்டு முடிச்சாக நிற்கும். ஆமாம், தென்னைக்கு வைக்கிற அதே பொட்டாஷ் சமாசாரம்தான்.

முடிச்சு சரியாக விழுந்தால் அதில் ஒரு பள்ளம் உண்டாகும். கை, கால் என்று நரம்புகள் வரிசையாகச் செத்துக்கொண்டே போகிற ஒரு நோய் இருக்கிறது. அந்த நோயாளிகளின் ரத்தத்தில் ஒரு கெட்ட புரதம் கசிகிறது. அது இந்தப் பள்ளத்தில் வந்து மாட்ட வேண்டும். மாட்டினால் மெஷினில் பச்சை ஒளி தெரியும். இன்றைக்குக் கெட்ட புரதத்தைப் பிடிக்கிற முடிச்சு, நாளைக்கு அதை அடக்கிவைக்கிற மருந்தாகலாம் என்பது எங்கள் ஆசை.

இந்த மூலக்கூறுக்கு நாங்கள் வைத்த பெயர் மாப்பிள்ளை. சூடாக உபசரித்து, பிறகு மெல்ல ஆறவிட்டு, முகம் கோணாமல் பார்த்துக்கொண்டால்தான் மடங்குவான். மார்ச்சில் டெல்லியிலிருந்து குழு வருகிறது. மாப்பிள்ளை நோயாளியைப் பிடிக்க வேண்டும், நன்றாக இருப்பவரை விட்டுவிட வேண்டும். இல்லாவிட்டால் திட்டத்தை மூடிவிடுவார்கள்.

சாயங்காலம் மயில்சாமி டெய்லரோடு சண்டை. புது ஜாக்கெட்டில் ஒரு கொக்கியும் மாட்ட வரவில்லை. கொக்கி வைக்கத் தெரியாதவர் எதற்குக் கடை வைக்கிறார்.

ஜனவரி 9, வியாழன்

ஒப்பிட்டுப் பார்க்க ஆரோக்கியமானவர்கள் ரத்தம் வேண்டும். வெளியில் ஆள் தேடுவது பெரிய பாடு என்பதால் எல்லா ஆய்வகங்களிலும் நடப்பதுதான் இங்கேயும்: நாங்களே கையை நீட்டினோம். நான், தங்கராசு சார், இளைய ஆராய்ச்சியாளர் நஸ்ரின், டிரைவர் குப்புராஜ். ஆக நால்வர். நாங்கள் ஆரோக்கியமானவர்கள் என்பதற்கு அத்தாட்சி, இன்று வேலைக்கு வந்திருக்கிறோம் என்பதுதான்.

யார் ரத்தம் எது என்று தெரியக் கூடாது என்பது விதி. சார் சீட்டு எழுதிக் குலுக்கினார். அவர் காலையில் சாப்பிடாமல் வந்திருக்கிறார் என்று நினைக்கிறேன். சீட்டில் இருந்த பெயர்கள் இட்லி, பொங்கல், வடை, உப்புமா.

எனக்கு வந்தது உப்புமா. எனக்கு எப்போதுமே இதுதான் வரும். வெளியே சொல்லக் கூடாது. டைரியில் சொல்லலாம்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். பால் பொங்கியது. இறக்கும்போது பானை கை நழுவி அடுப்படி முழுக்கச் சர்க்கரைப் பொங்கல். புதிதாக வாங்கிய பாத்திரம் தேய்க்கிற சோப்பு ரொம்ப வழுக்குகிறது.

"உன்ர கையில பலமே இல்ல சாரதா" என்றார் என் வீட்டுக்காரர் பழனிவேல். மோட்டாருக்குக் கம்பிச் சுருள், அதாவது காயில், கட்டுகிற பட்டறை வைத்திருக்கிறார். எதைப் பார்த்தாலும் பிரித்துப் பார்க்க வேண்டும் அவருக்கு.

"சோப்ப மாத்துங்க" என்றேன்.

ஜனவரி 17, வெள்ளி

மருத்துவமனைக்குப் போய் நோயாளிகளின் ரத்தம் வாங்கி வந்தோம். ஒருவர் பெயர் சின்னதுரை, பஸ் கண்டக்டர். நோய் இப்போதுதான் தொடங்கியிருக்கிறது. எப்படித் தெரிந்தது என்று கேட்டேன்.

"டிக்கெட்டக் கிழிக்க வரலீங்க. கட்டவெரலு கேக்கல. கார்ப்பரேசன்ல பேப்பரக் கெட்டியா அடிச்சுட்டாங்கன்னு நெனச்சுட்டு ஆறு மாசம் டிப்போ மேனேஜர்கிட்டச் சண்ட போட்டனுங்க" என்று சிரித்தார்.

மனிதர்கள் தங்களை எப்படியெல்லாம் ஏமாற்றிக்கொள்கிறார்கள். திரும்பி வரும் வழியில் நஸ்ரினிடம் இதைத்தான் சொல்லிக்கொண்டு வந்தேன். தண்ணீர் பாட்டில் மூடியை அவள்தான் திறந்து கொடுத்தாள். இப்போதெல்லாம் மூடியைக் கம்பெனியிலேயே இறுக்கி அனுப்பிவிடுகிறார்கள்.

ஜனவரி 20, திங்கள்

முதல் சோதனை. நோயாளிகள் பத்துப் பேரும் பச்சை. நஸ்ரின் கை தட்டினாள். இட்லி இருட்டு. பொங்கல் இருட்டு. வடை இருட்டு. உப்புமா பச்சை.

தங்கராசு சார் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "மேடம், மூணு எடத்துல மரியாதையா இருந்துட்டு நாலாவது எடத்துல கையப் போட்டாலும் மாப்பிள்ளை கெட்டவன்தானுங்க. மடிப்பு சரியில்ல. திருப்பி மடிங்க."

எனக்கும் அதுதான் தோன்றியது. மடிப்பில் ஏதோ கோணல்.

ஜனவரி 22, புதன்

வலது கால் செருப்பு நடக்கும்போதே கழன்று பின்னால் நின்றுவிடுகிறது. வார் தளர்ந்துவிட்டது. வேறு வாங்க வேண்டும்.

ஜனவரி 27, திங்கள்

அதிசயம். மாப்பிள்ளையைச் சூடாக்கிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய்விட்டது. ஏசி நின்றது, மெஷின் நின்றது, சாயங்காலம் வரை வரவில்லை. மாப்பிள்ளை தானாக, நிதானமாக ஆறினான். கரண்ட் வந்ததும் சோதனை போட்டோம். நோயாளிகள் பத்தும் பச்சை. உப்புமா கிட்டத்தட்ட இருட்டு, மினுக்கென்று ஒரு பொட்டு மட்டும்.

சார் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். வலித்தது. மெதுவாக ஆறியதுதான் ரகசியம் என்று எல்லோரும் முடிவுக்கு வந்தோம்.

இன்று சோதனைத் தட்டின் எல்லாக் குழிகளிலும் ரத்தம் விட்டது நான். கடைசிக் குழி உப்புமா. அதற்குள் கட்டைவிரல் பிப்பெட் என்கிற உறிஞ்சுகுழாயை அழுத்த மறுத்துவிட்டது, பாதி அளவுதான் இறங்கியிருக்கும். பிப்பெட் பழசு. புதிது கேட்டு எழுதியிருக்கிறேன். இதையெல்லாம் சாரிடம் சொல்லி அவர் சந்தோஷத்தைக் கெடுப்பானேன்.

பிப்ரவரி 3, திங்கள்

ஒரு வாரமாகக் கரண்ட் போகவே இல்லை. ஊரில் எல்லோரும் சந்தோஷமாக இருக்கிறார்கள், நாங்கள் மட்டும் துக்கம் காக்கிறோம். இன்று சாரும் நானும் நேராக மின்வாரிய அலுவலகத்துக்கே போனோம். உதவிப் பொறியாளர் வயதான மனிதர்.

"சார், எங்களுக்கு ஒரு நாலு மணி நேரம் கரண்ட நிறுத்தித் தரணும்" என்றார் தங்கராசு சார்.

பொறியாளர் எங்களை உட்காரச் சொன்னார். விசிறியை இரண்டு புள்ளி வேகப்படுத்தினார். "ஏனுங்க சார், நான் சர்வீசுக்கு வந்த நாள்ல இருந்து திட்டு வாங்கியே பழகிட்டேன். நிறுத்துங்கன்னு யாரும் மனு கொண்டாந்ததில்ல. ஒங்க எடத்துல மெயின் சுவிட்சு இல்லீங்களா?"

மெயின் சுவிட்ச் இருக்கிறது. ஆனால் போன வாரம் கரண்ட் போன உடனே சார் ரோஷப்பட்டு, பெரிய யூபிஎஸ் ஒன்றுக்குப் பணம் கட்டி, அது வந்ததும் ரிப்பன் வெட்டித் திறப்பு விழா நடத்தி, யாரும் கை வைக்கக் கூடாதென்று அரக்கு வைத்துவிட்டார். பணம் கட்டிய பிறகுதான் கரண்ட் போனதே நல்லது என்று எங்களுக்குப் புரிந்தது. இதை நான் விளக்கினேன்.

"அப்ப நான் நிறுத்துனாலும் ஒங்க யூபிஎஸ் ஓடுமேங்க" என்றார் பொறியாளர்.

டீ குடித்துவிட்டு வந்தோம்.

பிப்ரவரி 7, வெள்ளி

வழி கண்டுபிடித்தது நான்தான், தற்பெருமைக்காகச் சொல்லவில்லை. நேற்று மத்தியானம் நஸ்ரின் வீட்டுப் பிரியாணி ஹாட்பாக்ஸைத் திறந்தாள், காலையில் வைத்தது ஆவி பறந்தது. இதைவிட மெதுவாக எது ஆறும்? கொதிக்கிற தண்ணீரை ஊற்றி, அதில் மாப்பிள்ளையின் குழாயை மிதக்கவிட்டு, மூடி, என் சால்வையைச் சுற்றி வைத்துவிட்டு இன்று காலை வந்து திறந்தோம். மடிப்பைப் பார்க்கிற மெஷின் ஒரு வளைகோடு வரைந்தது. பாடப் புத்தகத்தில் போடலாம், அவ்வளவு லட்சணம். முடிச்சில் ஒரு குறையும் இல்லை. கூடவே லேசாகக் கிராம்பு வாசம்.

இந்த முறை ரத்தம் விட்டது நஸ்ரின். உப்புமா இதுவரை இல்லாத அளவுக்குப் பச்சை.

"அப்ப உப்புமாதான் ஊசிப்போச்சு" என்றார் சார். "கீழ ஊத்துங்க. உப்புமான்னாலே எனக்குச் சின்ன வயசுல இருந்து ஆகாது."

எனக்குச் சுருக்கென்றது. ஊசிப்போக அது என்ன நேற்றைய சாம்பாரா. மூன்று நாள் சாருடன் முகம் கொடுத்துப் பேசப் போவதில்லை.

பிப்ரவரி 10, திங்கள்

அறிவிப்புப் பலகையில்: "உப்புமா அவர்கள் புதிதாக ரத்தம் கொடுத்து ஒத்துழைக்கவும். பெயர் ரகசியம் காக்கப்படும்."

நர்ஸ் அறைக்கு யாரும் பார்க்காத நேரம் பார்த்துத் திருடி மாதிரி போய்க் கொடுத்துவிட்டு வந்தேன்.

பிப்ரவரி 12, புதன்

புது உப்புமா பழைய உப்புமாவைவிடப் பச்சை. நர்ஸின் ஊசி சுத்தமாக இருந்திருக்காது.

பிப்ரவரி 15, சனி

மயில்சாமி மூன்றாவது தடவை கொக்கியை மாற்றிக் கொடுத்தார். "அக்கா, கொக்கி சரியாத்தானுங்க இருக்குது. என்ர சம்சாரத்தப் போடச் சொல்லிப் பாத்தேன், சுளுவா மாட்டுது" என்றார். சம்சாரத்தை சாட்சிக்கு இழுக்கிறார், திறமை இல்லாதவர்கள் செய்கிற வேலை. வீட்டில் பழனிவேல்தான் மாட்டிவிட்டார். மேலிருந்து கீழ் வரை மாட்டினார்.

பிப்ரவரி 18, செவ்வாய்

ஆய்வகப் படியில் விழுந்தேன். டைல்ஸ் போட்டவன் சரியில்லை. முட்டியில் மட்டும் அடி.

வீட்டுக்கு வந்ததும் பழனிவேல் தைலம் தேய்த்துவிட்டார். முட்டியை விட்டுவிட்டு என் வலது கையை எடுத்து விளக்குக்கு நேராகப் பிடித்தார். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் சதை இருக்குமே, அங்கே பள்ளமாக இருந்தது. தோலுக்கு அடியில் என்னவோ துடித்துக்கொண்டிருந்தது, எறும்பு ஊர்கிற மாதிரி.

"காயில் போறதுக்கு முன்னால மோட்டாரு இப்பிடித்தான் அதுரும் சாரதா. சுவிட்சு சரியில்ல, லைன் சரியில்லன்னு ஆளு சொல்லிட்டே இருப்பாங்க. டாக்டர்கிட்டப் போலாம் வா."

"நான் மோட்டார் இல்ல" என்று கத்தினேன். பதினாறு வருடமாக இந்த நோயைப் படிக்கிறேன், எனக்குத் தெரியாதா என்று கேட்டேன். அவர் தைலத்தை மூடி வைத்துவிட்டு, "தெரியும். அதான் பயமா இருக்குது" என்றார்.

பிப்ரவரி 20, வியாழன்

எழுத்து இப்படிக் கோணலாக வருவதற்குப் பேனாதான் காரணம்.

பிப்ரவரி 24, திங்கள்

சார் முடிவெடுத்துவிட்டார். மாப்பிள்ளையின் வாலை வெட்ட வேண்டும். கடைசி மூன்று எழுத்தை எடுத்துவிட்டால் பள்ளம் ஆழம் குறையும், பிடி தளரும், உப்புமாவை விட்டுவிடுவான்.

வெட்டினோம், ஹாட்பாக்ஸில் மடித்தோம். உப்புமா இருட்டு. சார் லட்டு வாங்கி வரச் சொன்னார். நோயாளிகள் பத்துப் பேரில் ஆறு பேர் பச்சை, நால்வர் இருட்டு. அந்த நால்வரும் நோய் இப்போதுதான் தொடங்கியவர்கள். அதில் ஒருவர் சின்னதுரை.

"ஆறு கெடச்சாலே குழுவுக்குப் போதுமுங்க மேடம். மார்ச் அஞ்சாம் தேதி குழு வந்துட்டுப் போறவரைக்கும் முழு மாப்பிள்ளைய வெளிய காட்டாதீங்க, அப்பறம் கீழ ஊத்திரலாம். ரெண்டு மாப்பிள்ளை இருந்தா கேள்வி கேப்பாங்க."

என் லட்டை மேஜை ஓரமாக வைத்துவிட்டேன். மருந்து யாருக்கு உதவுமென்றால் இப்போதுதான் தொடங்கியவர்களுக்குத்தான். நரம்பு எல்லாம் செத்த பிறகு பிடித்து என்ன பயன். அந்த நால்வரை இந்த வாலறுந்தவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

எல்லோரும் போன பிறகு நஸ்ரின் என் மேஜைக்கு வந்தாள். "மேடம், ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே. முழு மாப்பிள்ளை மடிப்புல தப்பே இல்ல. எத்தன தடவ மடிச்சாலும் ஒரே கோடுதான் வருது. அவன் சரியான ஆளத்தான் புடிக்கிறான்னு வெச்சுக்கிட்டா?"

"உப்புமா ஆரோக்கியமான ரத்தம் நஸ்ரின்."

"அப்பிடின்னு நாமதான் சொன்னோம், மேடம். உப்புமா யாருன்னு எனக்குத் தெரிய வேண்டாம். ஆனா அவங்க ஒரு டாக்டரப் பாக்கணும்."

இவள் பொதுவாகப் பேசும்போது கண்ணைப் பார்த்துப் பேசுவாள். இன்று என் தண்ணீர் பாட்டிலைத் திறந்து வைத்துவிட்டு, அதையே பார்த்துக்கொண்டு பேசினாள். அனுபவம் போதாது. கெட்டிக்காரப் பெண்தான், அனுபவம்தான் போதாது.

பிப்ரவரி 27, வியாழன்

வழுக்கும் சோப்பு, தளர்ந்த வார், பழைய பிப்பெட், இறுகிய மூடி, கெட்ட டைல்ஸ், மோசமான பேனா, கொக்கி வைக்கத் தெரியாத டெய்லர். சின்னதுரையின் கார்ப்பரேசன் மட்டும்தான் பாக்கி.

மார்ச் 5, புதன்

இன்று எழுதுவது பழனிவேல். அவள் சொல்லச் சொல்ல அப்படியே எழுதுகிறேன், இனி வருகிற ‘நான்’ அவள்தான்.

குழுவில் மூன்று பேர். தலைவர் ரங்கநாயகி அம்மாள், நம் ஊர்க்காரர்தான், டெல்லியில் பெரிய பதவி. தங்கராசு சார் வால் வெட்டிய மாப்பிள்ளையைத் திரையில் காட்டினார். ஆறு பச்சை, நாலு இருட்டு. கீழே ஆரோக்கியமானவர்கள் நாலு பேரும் இருட்டு. அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றி, "பத்துல நாலு பேர விட்டுடுதே, இத வெச்சுட்டு என்ன பண்றது?" என்று கேட்டார். சாருக்கு வேர்த்தது.

நான் எழுந்தேன். எழுந்த வேகத்தில் வலது செருப்பு கழன்றுகொண்டது. ஒற்றைச் செருப்போடு நின்றேன்.

"மேடம், இதுக்கு முன்னாடி ஒருத்தன் இருக்கான். பத்துப் பேரையும் புடிச்சான். ஹாட்பாக்ஸ்ல இருக்கான். அவன வேண்டாம்னு ஒதுக்கினது உப்புமாவையும் புடிச்சதால."

"எந்த உப்புமா?" என்றார் அந்த அம்மாள். அவருக்குப் பக்கத்திலிருந்தவர் தன் தட்டைப் பார்த்தார். தட்டில் நிஜமாகவே உப்புமா இருந்தது, கேன்டீனில் அன்றைக்கு அதுதான்.

"நான்தாங்க மேடம் உப்புமா" என்றேன்.

என் வலது கையைத் தூக்கிக் காட்டினேன். தோளுக்கு மேலே போகவில்லை, நஸ்ரின் வந்து முழங்கையைத் தாங்கிக்கொண்டாள். "கட்டவெரலுக்குக் கீழ சத இல்ல. செருப்பு நிக்கறதில்ல. பிப்பெட் அழுத்த முடியல. ஒரு நாள் உப்புமா இருட்டா வந்ததுக்கு நான் பாதி ரத்தம் விட்டதுதான் காரணம், கரண்ட் போனது இல்ல. மாப்பிள்ளை மேல தப்பே இல்லீங்க. ஜனவரி மாசமே எனக்குச் சொல்லிட்டான். நான்தான் அவன் வால வெட்ட விட்டேன்."

தங்கராசு சார் அழுதுவிட்டார். "கீழ ஊத்துங்கன்னு சொன்னேனே மேடம், ஊசிப்போச்சுன்னு சொன்னேனே" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். நான் அவருக்குச் சமாதானம் சொல்ல வேண்டியதாயிற்று. ரங்கநாயகி அம்மாள் ஹாட்பாக்ஸைக் கொண்டுவரச் சொல்லி, மூடியைத் திறந்து, முகர்ந்து பார்த்து, "கிராம்பா?" என்றார். பிறகு மாப்பிள்ளையைக் கீழே ஊற்றக் கூடாது, வாலோடு வேலை தொடரட்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். போகும்போது என் தோளைத் தொட்டு, நாளைக்கே டாக்டரிடம் போகச் சொன்னார்.

எனக்குப் பயமாக இருக்கிறது. இதையும் எழுதுங்க என்றேன், எழுதுகிறார்.

(எழுதிவிட்டேன். எனக்கும்தான். ப.வே.)

மார்ச் 10, திங்கள்

இடது கையால் எழுதுகிறேன். கோழி கிளறின மாதிரி இருக்கிறது. சார் தூரத்திலிருந்துதானே பார்ப்பார்.

டாக்டர் ஊசி குத்தி, கரண்ட் வைத்துப் பார்த்து, மாப்பிள்ளை சொன்னதையே சொன்னார். ஆரம்பம்தான் என்றார். மாப்பிள்ளை மருந்தாக இன்னும் எத்தனையோ வருடம் ஆகும். அதற்குள் நான் இருப்பேனா, அவன் எனக்கு உதவுவானா, எனக்குத் தெரியாது. சின்னதுரைக்கும் தெரியாது. ஆனால் வேலைக்குப் போகிறேன். நான் சொல்ல, நஸ்ரின் செய்கிறாள். அவள் வீட்டுக்குப் புது ஹாட்பாக்ஸ் வாங்கிக் கொடுத்துவிட்டேன்.

திரும்பும்போது பழனிவேலை வண்டியை நிறுத்தச் சொல்லி மயில்சாமி கடைக்குள் போனேன். அவர் என்னைக் கண்டதும் தையல் மெஷினை விட்டு எழுந்து, "அக்கா, நாலாவது தடவையும் மாத்தித் தரணுங்களா?" என்றார்.

"இல்ல மயில்சாமி. கொக்கி சரியாத்தான் இருந்துச்சு. மொதல் தடவையே சரியாத்தான் இருந்துச்சு. என்ர கைதான் சரியில்ல."

அவர் என் கையைப் பார்த்தார். பிறகு அளவு டேப்பைக் கழுத்திலிருந்து எடுத்துக்கொண்டு, வாசலில் நின்ற பழனிவேலை உள்ளே கூப்பிட்டார்.

"அண்ணா, மாட்டிவிடறது நீங்கதானுங்களே? அப்ப ஒங்க கையக் காட்டுங்க. பெரிய கொக்கியா வெச்சுத் தர்றேன்."

பழனிவேல் இரண்டு கையையும் நீட்டினார்.

அரை டஜன் ஜாக்கெட்டுக்குத் துணி கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.